டர்பனிலிருந்து ஒரு மதிப்பீடு: பேண்ட்கேம்ப்பை நம்பி முழுநேரப் பாடகராகலாமா?

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, தாமே பாடிப் பதிவுசெய்யும் கலைஞர்கள் தங்கள் பாடல்களைக் கேட்பவருக்கு நேரடியாக விற்பதற்கென்று 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இணையக் கடை பேண்ட்கேம்ப். நான் டர்பனில் தமிழில் பாட்டெழுதிப் பாடுகிறேன். பள்ளி ஆசிரியர் பணியை விட்டு இசையையே தொழிலாகக் கொண்ட நாள் முதல், என் பாடல்களை விற்கும் முதன்மையான இடமாக இதைத்தான் வைத்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடை மட்டும் ஒரு பாடகருக்குச் சோறு போடாது. ஆனால் நம் பாட்டுக்குக் காசு கொடுக்க மனமுள்ளவர்கள் யார், எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரம், சோறு போடக்கூடிய மற்ற எல்லா வேலைகளுக்கும் அடிப்படையானது. அந்த விவரத்தை நம் கையிலேயே கொடுக்கும் சேவைகளில் இதைவிட நேர்மையானதை நான் இதுவரை கண்டதில்லை.

சென்னையில் இருக்கும் ஒருவர் இதே சேவையை மதிப்பிட்டால் அவர் முடிவு வேறாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் தமிழில் பாடுபவரின் நிலை தனியானது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை வந்தடைந்தது. அன்று தொடங்கி ஐம்பது ஆண்டுகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களில் பெரும்பாலோர் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். தமிழ் அவர்களிடம் தேவாரமாகவும், காவடிப் பாட்டாகவும், மாரியம்மன் தாலாட்டாகவும், திரைப்பாடலாகவும் தங்கியிருக்கிறது. டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ நான் மேடையேறிப் பாடும்போது மெட்டில் உருகிக் கண்கலங்குபவர்களில் பலர், பாட்டின் பொருளை நிகழ்ச்சி முடிந்தபின் வந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். கேட்பவர் தொகை சிறியது. ஆனால் அவர்களுடைய பற்று மிகப் பெரியது. லட்சக்கணக்கானோர் கேட்டால்தான் வருமானம் என்ற ஏற்பாடு இப்படிப்பட்ட ஒரு சமூகத்தில் பாடுபவருக்கு ஒருபோதும் பொருந்தாது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இந்தச் சேவையை எடைபோட வேண்டும்.

கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. பாடலை வேவ், ஏஐஎஃப்எஃப், ஃப்ளாக் ஆகிய தரம் குறையாத வடிவங்களில் ஒன்றில் ஏற்றினால் போதும். வாங்குபவர் தமக்கு வேண்டிய வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம். விலையை நாமே முடிவு செய்கிறோம். குறைந்த அளவு விலையொன்றை வைத்து, அதற்கு மேல் விரும்பியதைக் கொடுக்கலாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. அவ்வாறு விடும்போது கேட்ட விலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பவர்கள் நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகம். பாடலின் பதிவிறக்க விற்பனையில் 15 சதவீதத்தைக் கடை எடுத்துக்கொள்கிறது. பன்னிரண்டு மாத விற்பனை 5,000 டாலரைத் தாண்டினால் அது 10 சதவீதமாகக் குறைகிறது. குறுந்தகடு, சட்டை போன்ற பொருள்களுக்குத் தொடக்கத்திலிருந்தே 10 சதவீதம்தான். இதற்கு மேல் பணப் பரிமாற்றக் கட்டணம் தனியாக உண்டு. எல்லாம் போக, வாங்குபவர் கொடுக்கும் தொகையில் சராசரியாக 82 சதவீதம் கலைஞருக்குப் போய்ச்சேர்கிறது என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லிவருகிறது. கோவிட் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, கடை தன் பங்கை முழுவதும் விட்டுக்கொடுத்த ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. பேண்ட்கேம்ப் வெள்ளி என்ற பெயரில் அவ்வழக்கம் பின்னரும் தொடர்கிறது. அந்த நாள்களில் கலைஞருக்குச் சராசரியாக 93 சதவீதம் கிடைக்கிறது. புதிய பாடலை வெளியிடுவதற்கு அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து டாலர் விலையுள்ள ஒரு பாடல் தொகுப்பு விற்றால் ஏறத்தாழ 4.10 டாலர் நம்முடையது. டாலருக்கு 17 அல்லது 18 ராண்ட் என்று கொண்டால் அது 72 ராண்டுக்குச் சற்றே முன்பின்னாக வரும். மாதம் 20,000 ராண்ட் இருந்தால் டர்பனில் ஒருவர் சிக்கனமாகக் காலம் தள்ளலாம் என்று வைத்துக்கொண்டால், அதை இந்தக் கடையிலிருந்து மட்டும் ஈட்டுவதற்கு ஒவ்வொரு மாதமும் 280 தொகுப்புகளுக்குக் குறையாமல் விற்றாக வேண்டும். தமிழில் தனிப்பாடல் பாடும் ஒருவருக்கு அது நடக்கக்கூடிய காரியம் அன்று. வேலையை விட்டுவிட்டுப் பேண்ட்கேம்ப்பில் கடை விரித்தால் போதும் என்று எண்ணும் இளைஞர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன்.

அதே கணக்கை ஸ்ட்ரீமிங் பக்கம் திருப்பிப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். ஸ்பாட்டிஃபை தென்னாப்பிரிக்காவுக்கு 2018 மார்ச்சில் வந்தது. ஒரு முறை கேட்டால் இவ்வளவு என்று அது நிலையான தொகை எதையும் வைத்திருக்கவில்லை. வருவாயில் ஒரு பகுதியை ஒதுக்கி, கேட்கப்பட்ட அளவின்படி உரிமையாளர்களுக்குப் பங்கிடுகிறது. கலைஞர்கள் தங்களுக்கு வந்த தொகையை வைத்துப் பொதுவாகச் சொல்லும் சராசரி, ஒரு முறைக்கு 0.003 முதல் 0.004 டாலர் வரை. பேண்ட்கேம்ப்பில் ஒரு தொகுப்பு விற்றுக் கிடைக்கும் 4.10 டாலரை அங்கே பெற வேண்டுமானால் பாடல்கள் ஆயிரம் முறைக்கு மேல் ஒலிக்க வேண்டும். அதிலும் 2024 தொடக்கத்திலிருந்து, முந்திய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாடலுக்கு எதுவுமே கிடையாது என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒரு பாடலை நம் சமூகத்தில் முந்நூறு பேர் உயிராக நேசித்து ஆளுக்கு இரண்டு முறை கேட்டாலும், அந்தக் கணக்கில் அது மதிப்பில்லாத பாடல். பேண்ட்கேம்ப்பில் அதே முந்நூறு பேரில் முப்பது பேர் வாங்கினாலும் ஒரு பாடலைப் பதிவுசெய்த செலவில் கணிசமான பகுதி திரும்பிவிடும்.

ஸ்ட்ரீமிங்கைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருமணத்துக்குப் பாட அழைக்கும் குடும்பத்தினர் முதலில் தேடிப் பார்ப்பது ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும்தான். அங்கே பெயர் இல்லாதவரை அவர்கள் பாடகராகவே கருதுவதில்லை. அங்கே பாடல்களை ஏற்றித் தர ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு வருவாயில் பங்கு கேட்பதில்லை; சிடி பேபி வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் வாங்கிக்கொண்டு வருவாயில் 9 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுச் சந்தா முறையில் பணம் கட்டுவது நின்றால் பாடல்கள் இறங்கிவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நான் முன்பு பயன்படுத்திய ஒரு நிறுவனத்தில், வங்கி புதிய அட்டை கொடுத்திருந்த இடைவெளியில் சந்தா வசூலாகாமல், முன்னறிவிப்பு ஒழுங்காக வந்துசேராமல், பாடல்கள் அனைத்தும் ஒரே நாளில் மறைந்தன. அவற்றைத் திரும்ப ஏற்றியபோது பழைய எண்ணிக்கைகள் பூஜ்யமாகியிருந்தன. பேண்ட்கேம்ப்பில் நாம் கட்டியாக வேண்டிய சந்தா இல்லாததால் இந்த அச்சம் இல்லை. ஏற்றிய பாடல் நாமாக எடுக்கும்வரை அங்கேயே இருக்கிறது.

இனி, இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு பாடலுக்கும் அங்கே பாடல்வரிகளை இடுவதற்கென்று தனி இடம் உண்டு. நீளமாகவும் இடலாம். நான் முதலில் தமிழ் எழுத்தில் பாட்டை இடுகிறேன்; அதன் கீழே அதே வரிகளை ரோமன் எழுத்தில் இடுகிறேன்; அதற்கும் கீழே ஆங்கிலத்தில் பொருளை இடுகிறேன். தமிழ் எழுத்து அறியாத தலைமுறை ரோமன் எழுத்தைப் பார்த்துக் கூடவே பாடுகிறது. புரட்டாசி மாதத்தில் டர்பனுக்கு அருகிலுள்ள வெருலத்தில் நடந்த ஒரு வழிபாட்டுக்குப் போயிருந்தபோது, என் பாட்டொன்றைப் பஜனைக் குழுவினர் பேண்ட்கேம்ப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டு பாடினார்கள். ழகரத்தையும் ளகரத்தையும் அவர்கள் பிரித்துச் சொன்ன விதத்தைக் கேட்டபோது, நான் ஆசிரியராக இருந்த காலத்தில் செய்ததைவிட அதிகமான தமிழ்ப் பணியை இந்தப் பக்கம் செய்கிறது என்று மனப்பூர்வமாக எண்ணினேன். ஸ்ட்ரீமிங் சேவைகளிலும் பாடல்வரிகளை இணைக்கலாம். ஆனால் மூன்று படிவங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, நம் விருப்பப்படி, நாம் எழுதிய முன்னுரையோடு வைக்க அங்கே வழியில்லை.

தமிழைப் பொறுத்தவரை குறைகளும் உண்டு. பயனர் முகப்பு தமிழில் இல்லை. பாடலுக்குத் தமிழ் எழுத்தில் மட்டும் தலைப்பு வைத்தால் பக்கத்தின் இணைய முகவரியில் பெயர் வருவதில்லை. பெயருக்குப் பதில் ஒரு சிறு கோடு மட்டுமே நிற்கும். ஆகவே தலைப்பில் தமிழையும் ரோமன் எழுத்தையும் சேர்த்தே வைக்கிறேன். இசைவகைப் பட்டியலில் பக்தி இசைக்கு ஒரு தனி வகை இருப்பது நல்லது. ஆனால் காவடிச் சிந்தின் சந்தத்தில் கிதாரோடு பாடும் சமூகப் பாடலை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. தமிழ், டர்பன், நாட்டுப்புறம் என்ற குறிச்சொற்களையே நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் குறிச்சொற்களைத் தொடர்ந்து வந்து சேர்ந்தவர்கள் மொரீஷியஸிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள் என்பதை விற்பனைப் பட்டியலில் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

அந்த விற்பனைப் பட்டியல்தான் இந்தச் சேவையின் உயிர்நாடி. யார் வாங்கினார், எந்த ஊரிலிருந்து வாங்கினார், எவ்வளவு கொடுத்தார், என்ன குறிப்பு எழுதினார் என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. வாங்குபவர் ஒப்புக்கொண்டால் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் நம்மிடம் வந்துசேர்கிறது. அந்தப் பட்டியலை நம் கணினிக்கு இறக்கி வைத்துக்கொள்ளவும் முடிகிறது. ஸ்ட்ரீமிங் சேவை கொடுப்பது எண்ணிக்கை. இது கொடுப்பது ஆள். இசையைத் தொழிலாக நடத்துபவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சில பேர் வாங்கியிருப்பது பட்டியலில் தெரிந்ததும் அவர்களுக்கு எழுதி, ஒருவர் வீட்டு முற்றத்தில் சிறு கச்சேரி ஒன்றை ஏற்பாடு செய்ய முடிந்தது. அங்கே வந்தவர்களில் ஒரு குடும்பம் தங்கள் மகள் திருமணத்துக்கு அழைத்தது. அந்தத் திருமணத்தில் கேட்டவர்கள் கோயில் ஆண்டு விழாவுக்கு அழைத்தார்கள். என் வருமானத்தில் பெரும்பகுதி இப்படி மேடையிலிருந்தும், வீட்டுக்கு வந்து பாட்டுக் கற்கும் பிள்ளைகளிடமிருந்தும்தான் வருகிறது. பேண்ட்கேம்ப்பிலிருந்து நேராக வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் மீதி நான்கு பங்கில் எத்தனையோ வாய்ப்புகளைப் பின்னோக்கித் தேடிப் போனால், அவற்றின் வேர் அந்தப் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு பெயரில் போய் நிற்கிறது.

புள்ளிவிவரப் பகுதியும் பயனுள்ளது. ஒரு பாடலை முழுவதும் கேட்டவர்கள், பாதியில் விட்டவர்கள், தொடங்கியதும் தாண்டிப் போனவர்கள் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. நீண்ட ஆலாபனையோடு தொடங்கும் பாடல்களைத் தாண்டிப் போனவர்கள் கூடுதல் என்று அது காட்டியது. ஆலாபனையை நான் குறைக்கவில்லை. தொகுப்பில் அந்தப் பாடல்களை முதலில் வைக்காமல் நடுவில் வைத்தேன். கலைஞர் தம் கலையை மாற்றாமல், பந்தியின் வரிசையை மட்டும் மாற்றிப் பரிமாறுவதற்கு இந்த அளவு விவரம் போதுமானது.

கேட்பவர்கள் கலைஞருக்குக் கட்டும் சந்தா முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கலைஞர் தம் பக்கத்தில் ஆண்டுச் சந்தாவோ மாதச் சந்தாவோ தொடங்கி, சந்தாதாரர்களுக்கு மட்டும் சில பாடல்களைக் கொடுக்கலாம். முழுநேரத் தொழிலில் பாடகரைக் கலங்கவைப்பது வருமானத்தின் அளவு மட்டுமன்று. அது எப்போது வரும் என்று தெரியாத நிலையும்தான். காவடி மாதங்களிலும் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் மாரியம்மன் திருவிழாக்களிலும் ஓயாமல் அழைப்பு வரும். மற்ற மாதங்களில் தொலைபேசி ஒலிப்பதே அரிது. அந்த வறண்ட மாதங்களில் வீட்டு வாடகைக்கு ஒரு பகுதியாவது உறுதியாக வருகிறது என்ற நம்பிக்கையைச் சந்தாதாரர்கள் தருகிறார்கள். பொங்கலுக்கு ஒரு பாட்டு, ஆடி மாதக் கூழ் வழிபாட்டுக்கு ஒரு பாட்டு, புரட்டாசிக்கு ஒரு பாட்டு, தீபாவளிக்கு ஒரு பாட்டு என்று காலக்கணக்கு வைத்து அவர்களுக்கு அனுப்புகிறேன். இந்தக் கடமை என்னை எழுதவைக்கிறது என்பதும் சிறிய நன்மை அன்று. சந்தாவை அதிகம் பேர் எடுக்க மாட்டார்கள். எடுப்பவர்களோ எளிதில் விட மாட்டார்கள்.

அடுத்து, தென்னாப்பிரிக்கர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி: பணம் கைக்கு வந்துசேரும் வழி. பேண்ட்கேம்ப் பணத்தைப் பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக அனுப்புகிறது. பேபாலில் ராண்டில் இருப்பு வைத்துக்கொள்ள வழியில்லை. எனவே விலையை டாலரில் வைப்பதே எளிது. பேபாலில் வந்த தொகையை இந்நாட்டு வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர எஃப்என்பி வங்கியின் சேவையைத்தான் பயன்படுத்த வேண்டும். வேறு வங்கியில் கணக்கு உள்ளவர்களும் அங்கே பதிவுசெய்துகொள்ளலாம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வந்த தொகையை முப்பது நாள்களுக்குள் ராண்டாக மாற்றிவிட வேண்டும். டாலர் விலை ஏறும்வரை காத்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு மாற்றத்திலும் செலாவணி விகிதத்தில் ஒரு பகுதி கரைகிறது; ஆகவே சிறு தொகைகளை அடிக்கடி மாற்றாமல், முப்பது நாள் எல்லைக்குள் ஒரே தொகையாகச் சேர்த்து மாற்றுவது நல்லது. இவை பேண்ட்கேம்ப் உண்டாக்கிய தடைகள் அல்ல. ஆனால் இந்த நாட்டில் இருந்து அதைப் பயன்படுத்துபவருக்கு 82 சதவீதம் என்பது கைக்கு வரும்போது அதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

வாங்குபவர் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. கோயில் விழாவில் பாட்டைக் கேட்டு உருகிய ஒரு பாட்டி, டாலர் விலையைப் பார்த்ததும் தயங்குகிறார். அட்டை விவரங்களை அயல்நாட்டு இணையதளத்தில் கொடுக்க அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. இதற்கு அந்தச் சேவையிலேயே ஒரு நல்ல தீர்வு இருக்கிறது. பதிவிறக்கக் குறியீடுகளை உருவாக்கிக்கொள்ளும் வசதியைக் கடை தருகிறது. குறிப்பிட்ட அளவு வரை அது இலவசம். அந்தக் குறியீடுகளை, பாடல்களின் பெயரும் ஓர் ஓவியமும் சேர்த்துக் கெட்டியான அட்டையில் அச்சடித்துக் கச்சேரி மேசையில் வைக்கிறேன். வாங்குபவர் எனக்கு ராண்டில் பணமாகவோ, ஸ்னாப்ஸ்கேன் கைபேசிச் செயலி வழியாகவோ, யோகோ கருவியில் அட்டையைத் தட்டியோ கொடுக்கிறார். பிறகு வீட்டில் பேரப்பிள்ளை அந்தக் குறியீட்டைத் தட்டிப் பாடல்களை இறக்கித் தருகிறான். செலாவணி மாற்றமும் இல்லை. 15 சதவீதப் பிடித்தமும் இல்லை. கையில் பிடிக்க ஒரு பொருள் இருப்பதால் மனநிறைவோடு வாங்குகிறார்கள், அன்பளிப்பாகவும் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால், டர்பனில் பாடும் ஒருவருக்குப் பேண்ட்கேம்ப்பின் மிகச் சிறந்த பயன் இந்த அட்டைதான். இதை அந்த நிறுவனம் தன் முகப்பில் இன்னும் முன்னிறுத்தலாம்.

குறுந்தகடு போன்ற பொருள்களை விற்கலாம். அனுப்பும் பொறுப்பு நம்முடையது. உள்நாட்டுக்குள் பெப் கடைகள் வழியாக நடக்கும் பாக்ஸி சேவை மலிவானது, போதுமானது. வெளிநாட்டுக்கு அனுப்புவதை நான் மேற்கொள்வதில்லை. தென்னாப்பிரிக்க அஞ்சல் நிறுவனம் கடனில் சிக்கி 2023இல் மீட்பு நிர்வாகத்தின் கீழ் வந்ததிலிருந்து கூரியரைத்தான் நாட வேண்டியிருக்கிறது, அதன் கட்டணமோ தகட்டின் விலையைப் பலமடங்கு மீறிவிடும்.

பேண்ட்கேம்ப் செய்யாத வேலைகளையும் முழுநேரத் தொழிலுக்கு வர நினைப்பவர் அறிந்திருக்க வேண்டும். அது ஒரு கடை; உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கம் அன்று. லோட்டஸ் எஃப்எம் வானொலியில் நம் பாட்டு ஒலித்தால் பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிய தொகை சாம்ரோ வழியாக வர வேண்டும். 1961இல் தொடங்கிய அந்த அமைப்பில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாடலையும் தனித்தனியாகப் பதிவுசெய்தால்தான் அது வரும். பாட்டைப் படியெடுப்பதற்கான உரிமைத்தொகை கப்பாஸோவிடம் இருக்கிறது. பதிவுசெய்த ஒலிவடிவத்துக்கான தொகை சாம்ப்ராவிடம் இருக்கிறது. மூன்றும் வெவ்வேறு கதவுகள். ஒன்றில் பதிந்தால் மற்றதில் தானாகப் பதிவாகாது. மிருதங்கம் வாசித்தவரோடும் வரிகளில் உதவியவரோடும் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பதிவுக்கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டுவிட வேண்டும். நட்பு கெடாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. பதிவுகளை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணை இடுவதற்குப் பேண்ட்கேம்ப்பில் இடம் உண்டு. எண்ணை அது தருவதில்லை. இந்நாட்டில் ரிசா அமைப்பிடம் கேட்டுப் பெறலாம், அல்லது விநியோக நிறுவனம் கொடுத்த எண்ணையே இங்கும் இடலாம். ஒரே பதிவுக்கு இரண்டு எண் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

வருமான வரியும் அப்படித்தான். பேண்ட்கேம்ப்பிலிருந்து வருவது வெளிநாட்டுப் பணமானாலும் இந்நாட்டில் வசிப்பவருக்கு அது வரிக்குரிய வருமானமே. மாதச் சம்பளத்திலிருந்து வரி பிடித்த காலம் போய், ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் நாமே மதிப்பிட்டுச் செலுத்தும் முறைக்கு மாற வேண்டும். விற்பனை விவரங்களை அட்டவணையாக இறக்கிக்கொள்ளும் வசதி கடையில் இருப்பதால் கணக்கு எழுதுவது கடினமாக இல்லை. கச்சேரிப் பணத்துக்கு அத்தகைய பட்டியல் கிடைக்காது. அதை அன்றன்றே குறித்து வைக்க வேண்டும்.

நிறுவனத்தின் நிலைத்தன்மை பற்றி எனக்கு ஒரு கவலை இருக்கிறது. நெடுங்காலம் தனித்து இயங்கிய பேண்ட்கேம்ப்பை 2022இல் கணினி விளையாட்டு நிறுவனமான எபிக் கேம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டே அதைச் சாங்டிரேடர் என்ற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அந்தக் கைமாற்றத்தில், 2023 அக்டோபரில், ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வேலை இழந்தார்கள். கலைஞர்களை அறிமுகப்படுத்தி எழுதிவந்த ஆசிரியர் குழுவும் அதில் பாதிக்கப்பட்டது. உலகின் மூலையில் இருக்கும் பாடகரைப் பற்றி அக்கறையோடு எழுதும் மனிதர்கள் இருந்ததால்தான் அந்தக் கடைக்கு ஒரு மரியாதை ஏற்பட்டிருந்தது. அதை இழந்தால் அது வெறும் பணம் வாங்கும் பெட்டியாகிவிடும். இதுவரை கட்டண விகிதமோ அடிப்படை வசதிகளோ மாறவில்லை. எனினும் கைமாறிய கடை மறுபடியும் கைமாறலாம். அதனால் மின்னஞ்சல் பட்டியலைத் தவறாமல் இறக்கி வைக்கிறேன். பாடல்வரிப் பக்கங்களைச் சேமித்து வைக்கிறேன். மூலப் பதிவுகளை இரண்டு தனித்தனி வட்டுகளில் வைத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? ஏற்கெனவே மேடையில் பாடி, பத்துப் பேராவது பாடல் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் நிலையில் இருப்பவருக்கு இது உடனே பயன்படும். யாருமே அறியாத புதியவரை இந்தக் கடை தானாக யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்காது. அப்படிப்பட்டவர் முதலில் கோயில் மேடை, சமூக வானொலி, நண்பர் வீட்டுக் கூடம் என்று பாடிப் பழக வேண்டும். திரைப்பாடல்களை மறுபடி பாடி வெளியிடுபவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பாடல்களின் உரிமை வேறொருவரிடம் இருக்கிறது, அனுமதி வாங்காமல் விற்பது சட்டப்படியும் தவறு, அறத்தின்படியும் தவறு. தேவாரம், திருப்புகழ் போன்ற பழம்பாடல்களுக்குப் புது மெட்டமைத்துப் பாடுபவர்களுக்கு அந்தத் தடை இல்லை. இங்குள்ள கேட்பவர்களிடம் அத்தகைய பதிவுகளுக்கு உள்ள வரவேற்பைப் பார்க்கும்போது, நம் இளம் ஓதுவார்களும் பஜனைக் குழுவினரும் இன்னும் அதிகமாக இங்கே வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தொடங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. மாதம் பத்து டாலர் கேட்கும் ப்ரோ கணக்கு தொடக்கத்தில் தேவையில்லை. சொந்த இணைய முகவரி, குறிப்பிட்ட ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்புதல், பலருக்குத் தனிப்பட்ட முறையில் முன்கூட்டியே பாடலைக் கேட்கக் கொடுத்தல் ஆகியவை அதில் கிடைக்கின்றன. மின்னஞ்சல் பட்டியல் ஓரளவு வளர்ந்து, ஜோகன்னஸ்பர்க்கில் உள்ளவர்களுக்கு ஒரு செய்தியும் டர்பனில் உள்ளவர்களுக்கு வேறொரு செய்தியும் அனுப்ப வேண்டிய தேவை வரும்போது அதற்கு மாறினால் போதும். அதுவரை அந்தப் பத்து டாலரைக் குறியீட்டு அட்டைகள் அச்சடிப்பதற்குச் செலவிடுங்கள்.